நன்னன் நாட்டில் ஒலித்த யாழ்

திருவண்ணாமலையை வலம் வருவோர் அனைவரும் அடி அண்ணாமலையைக் கடந்தே செல்கின்றனர். 14 கிலோமீட்டர் வலப்பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறத்தில் அமைந்த சிற்றூர் அது. ஆதி அருணாசலேசுவரர் கோயில் கொண்ட அவ்வூரில் மாணிக்கவாசகருக்கும் தனிக்கோயில் உண்டு. அவர் இங்குத் தங்கியிருந்தபோதுதான் திருவெம்பாவையைப் பாடினார் என்பது மரபு.

மார்கழி விடியலில் திருவெம்பாவையோடு சேர்த்து ஓதப்படுவது திருப்பள்ளியெழுச்சி. இது திருப்பெருந்துறையில் அருளப்பட்டது. இறைவன் திருமுன் கூடி நிற்கும் அடியாரை அதில் மாணிக்கவாசகர் வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் வீணை இசைப்போரும் யாழ் இசைப்போரும் தனித்தனியே சொல்லப்படுகின்றனர். அவர் காலத்தில் இரண்டும் வெவ்வேறு கருவிகளாக, ஒரே சந்நிதியில் ஒலித்திருக்கின்றன என்பது இதனால் விளங்கும். இன்று வீணை இருக்கிறது. யாழ் எங்கே போயிற்று?

யாழ் என்பது வீணையின் பழம்பெயர் என்று கருதுவோர் இன்றும் உளர். இம்மயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வடமொழியில் ‘வீணை’ என்னும் சொல் முற்காலத்தில் வில் வடிவக் கருவிகளையும் குறித்தது. குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தன் தன் பொற்காசில் மடிமீது வைத்து மீட்டுவது அத்தகைய வில் வடிவக் கருவியே. ஆயினும் நாம் இன்று அறிந்த வீணையில் ஒரே நரம்பை மெட்டுகளின் மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் அவ்வாறன்று, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் பேரியாழுக்கு 21 நரம்பும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் கூறுவது இதனால்தான்.

யாழைத் தேட நாம் அண்ணாமலையிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேற்கே செங்கம். அதுவே சங்க இலக்கியத்தின் செங்கண்மா. நன்னன் சேய் நன்னனின் தலைநகர். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் அவன் மீது பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டு. கூத்தராற்றுப்படை என்றும் இதற்குப் பெயருண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழிசொல்வதே இதன் பொருள். அவன் குறிப்பிடும் நவிரமலையை இன்றைய பர்வதமலை என்றும், சேயாற்றைச் செய்யாறு என்றும் அறிஞர் அடையாளம் காண்கின்றனர். செங்கம் ரிஷபேசுவரர் கோயிலில் உள்ள செய்யுட் கல்வெட்டொன்று, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நன்னனையும் அவன் மீதான அப்பாட்டையும் நினைவுகூர்கிறது.

இப்பாட்டின் தொடக்கத்தில் பேரியாழைப் புலவர் விரித்துரைக்கும் பகுதி, இசைவாணன் கண்ணால் கண்டதோடு தச்சன் கண்ணாலும் கண்டது போல் உள்ளது. வளையலைப் போல் தண்டில் வரிசையாகச் சுற்றிய வார்க்கட்டுகள், ஒலித்துப் பார்த்துக் குற்றம் களைந்து பூட்டிய முறுக்கு நரம்புகள், வரகுக் கதிரின் மணியளவே ஆன நுண்ணிய துளைகள், பசையிட்டுப் பொருத்திய பத்தர், துளைகளை இறுக அடைக்கும் ஆணிகள், புதிதாய்ச் செய்த தந்த வேலைப்பாடு, பொன்னிறத் தோற்போர்வை, களாப்பழம் போல் கறுத்து வளைந்த கோடு எனக் கருவியின் உறுப்புகள் ஒவ்வொன்றாக நம்முன் வருகின்றன. யாழின் உருவத்தை மீட்க முயன்றோர் அனைவருக்கும் இவ்வடிகள் துணை நின்றிருக்கின்றன.

அதைவிட முக்கியமானது, இந்த யாழ் வழிநடந்த யாழ் என்பது. மற்றக் கருவிகள் பைகளில் கட்டித் தோளில் தொங்க, கூத்தர் காடும் மலையும் ஏறுகின்றனர். மலைச்சாரலில் குறிஞ்சிப்பண் பாடிக் கைதொழுது செல்க என்கிறான் வழிகாட்டும் கூத்தன். பாட்டின் இறுதியில் நன்னன் அவையில் சீறியாழில் மருதப்பண் எழுகிறது. நிலத்துக்கு ஒரு பண், பொழுதுக்கு ஒரு பண் என்னும் மரபு, நடந்து திரிந்த பாணர் கூத்தரின் வாழ்வில் நிலைபெற்றிருந்தது. தொல்காப்பியம் யாழையும் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணியது பொருத்தமே.

சில நூற்றாண்டுகள் கழித்து யாழ் மீண்டும் இப்பக்கம் வந்திருக்க வேண்டும். திருஞானசம்பந்தர் அறையணிநல்லூரிலிருந்து அண்ணாமலையைக் கண்டு பாடி, பின்னர் இங்கு வந்து வழிபட்டதைப் பெரியபுராணம் கூறுகிறது. சீர்காழியில் அவரோடு சேர்ந்து, நல்லூர்ப்பெருமணத்தில் முடிவுவரை உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய துணைவியார் மதங்கசூளாமணியாரும் இசைவல்லவர்.

இந்த யாழ்ப்பாணர் வரலாற்றில் இரண்டு செய்திகள் நம் கேள்விக்கு விடை தருகின்றன. முதலாவது தருமபுரத்தில் நிகழ்ந்தது. அவர் வாசிப்பினால்தான் பதிகங்கள் சிறந்தன என்று உறவினர் பேச, அவர் மனம் வருந்துகிறார். யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடுமாறு வேண்டுகிறார். சம்பந்தர் பாடுகிறார், யாழ் தொடர முடியவில்லை. அவர் யாழை உடைக்க முற்படச் சம்பந்தர் தடுத்தருள்கிறார். பக்திக் கண்ணோடு பார்த்தால் இது இறையருளின் பெருமை. இசைக் கண்ணோடு பார்த்தால், அசைவும் குழைவும் மிகுந்த குரலிசையைத் திறந்த நரம்புகளால் பின்பற்ற இயலாமற்போனதன் நினைவாகவும் இதைக் கொள்ளலாம். நரம்பை அழுத்தியும் இழுத்தும் வாசிக்கும் வீணைக்கு அத்தடை இல்லை.

இரண்டாவது செய்தி மனத்தை உறுத்துவது. மதுரையில் பாணர் கோயில் வாயிலில் நின்றுதான் யாழ் வாசிக்கிறார். அவரை உள்ளே அழைத்து வருமாறு இறைவன் ஆணையிட வேண்டியிருந்தது. ஈரத்தரையின் குளிர்ச்சியால் நரம்பின் கட்டுத் தளரும் என்று பொற்பலகை இடச் சொன்னதும் இறைவனே. திருவாரூரிலோ அவர் உட்புக வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது. மன்னர் அவையில் பொற்றாமரை சூடிய பாணர் குலம் எவ்வளவு தாழ்த்தப்பட்டிருந்தது என்பதற்குச் சேக்கிழாரின் சொல்லே சான்று. கருவி தோற்றது வீணையிடம் மட்டும் அன்று. அதை ஏந்திய கைகளுக்கு மதிப்பில்லாது போனபோதே அது தோற்கத் தொடங்கிவிட்டது.

ஆயினும் அக்குலத்தின் கொடை முற்றிலும் அழியவில்லை. தேவார ஏடுகள் மீட்கப்பட்டபின் அவற்றுக்குப் பண் வகுக்க வழியறியாது திகைத்தபோது, யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூரில் அவர் மரபில் வந்த பெண்ணொருத்தியே பண்முறையை எடுத்துரைத்தாள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்லும். இன்று ஓதுவார் பாடும் பண்கள் அந்தப் பெயர் தெரியாத பெண்ணுக்குக் கடன்பட்டவை.

ஈழத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், விஞ்ஞானம் பயின்றவர். பழந்தமிழ் நூல்களையும் கணிதத்தையும் துணைக்கொண்டு அவர் எழுதிய ‘யாழ் நூல்’, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அதன்பின் யாழ் செய்து பார்த்தோர் பலர். அண்மை ஆண்டுகளில் இளைஞர்களும் இம்முயற்சியில் இறங்கியுள்ளனர்.

பர்மாவில் வில் வடிவ யாழான ‘சௌங்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வாசிப்பு இடையறாது வந்தது. நம்மிடம் இலக்கணம் எஞ்சியது, உரை எஞ்சியது, பண்ணும் ஓரளவு எஞ்சியது, அறுந்தது கைப்பழக்கம். மரத்தையும் நரம்பையும் நூலைப் பார்த்துப் பூட்டிவிடலாம். பாணரின் விரல் அறிந்திருந்ததை எந்த நூலிலிருந்து பெறுவது?

அடுத்த மார்கழியில் அடி அண்ணாமலையில் திருப்பள்ளியெழுச்சி கேட்க நேர்ந்தால், யாழ் இசைப்போரைக் குறிக்கும் இடத்தில் சற்றே செவி கொடுங்கள். அன்று அவர்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள்.