மன்னார் வளைகுடாத் தீவுகள்

மன்னார் வளைகுடாத் தீவுகள், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி வரிசையாக அமைந்த சிறு பவளத்தீவுகள். அரசு ஆவணங்களில் இவற்றின் எண்ணிக்கை 21. இவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் இப்போது கடலுக்கடியில் உள்ளன.

நில அமைப்பு

மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகத் தீவுகள் பிரிக்கப்பட்டுள்ளன. பவளப்பாறையிலிருந்து உடைந்த துண்டுகளும் மணலும் குவிந்து உருவான தாழ்வான திட்டுகள் இவை. காரைச்சல்லி, விலாங்குசல்லி, புலுவினிச்சல்லி என்ற பெயர்களில் உள்ள ‘சல்லி’ உடைந்த கல்துண்டுகளைக் குறிக்கும் சொல். வேம்பார் தொகுதியில் ஒரு தீவின் பெயர் நல்லதண்ணி, மற்றொன்று உப்புத்தண்ணி. பெயரிட்டவர்களுக்குக் குடிநீரே முதற்கவலையாக இருந்திருக்க வேண்டும்.

மண்டபம் தொகுதியைச் சேர்ந்த குருசடைத் தீவு உயிரியல் மாணவர்களுக்கு அறிமுகமானது. இத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய விரிவான ஆய்வை சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்டது.

காற்றும் கடலும்

இக்கரை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ளது. தென்மேற்குப் பருவத்தில் காற்று மட்டுமே வரும். மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மழை குறைவு, தாமிரபரணி, வைப்பாறு தவிர வளைகுடாவில் கலக்கும் பெரிய ஆறுகளும் குறைவு. கரைவாசிகளுக்கு வறட்சியான இந்த நிலையே பவளத்துக்கு உதவியது. வண்டல் கலங்காத, வெயில் ஊடுருவும் நீரில்தான் பவளம் வளரும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வளைகுடா கொந்தளிக்கும். அப்போது இராமேசுவரம் தீவின் வடபுறத்துப் பாக் நீரிணை அடங்கியிருக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் நிலை மாறும். ஆகவே இப்பகுதி மீனவர்கள் பருவத்துக்கேற்ப வடகடல், தென்கடல் என மாறித் தொழில் செய்துவந்தனர்.

இரு பருவங்களுக்கும் இடையே கடல் தெளிந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்கள் முத்துக்குளிப்புக்கு உரியவை. பாண்டியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சி கைமாறியும் இந்தக் காற்றுக்கணக்கு மாறவில்லை. சிப்பி வளம் குன்றியதால் தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

பவளக்கல் வெட்டு

பவளப்பாறை அலையைத் தடுத்து உடைக்கும் அரண். தீவுக்குத் தேவையான மணலும் அதிலிருந்தே கிடைக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பாறைகள் கடப்பாரையால் பெயர்க்கப்பட்டுப் படகுகளில் கரைக்கு வந்தன. வீடு கட்டவும், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கவும், தொழிற்சாலை மூலப்பொருளாகவும் அவை பயன்பட்டன. பல பத்தாண்டுகள் நீடித்த இந்த வெட்டு தூத்துக்குடிப் பகுதியில் மிகுதி. அரண் போனபின் அலை நேராகத் தீவின் கரையைத் தாக்கியது. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கியதற்கு ஆய்வாளர்கள் முதன்மையாகக் கூறும் காரணம் இதுவே. கடல் மட்ட உயர்வை மட்டும் குறைசொல்வது எளிது, ஆனால் இங்கே அது பாதிக்கதைதான்.

1986-இல் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அதன் பின்னும் வெட்டு தொடர்ந்தது. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகே கல்லெடுப்பு ஏறக்குறைய நின்றது.

இன்றைய நிலை

வெட்டு நின்றபின் வெப்பம் முன்னுக்கு வந்துள்ளது. கோடையில் காற்று ஓய்ந்த நாட்கள் நீளும்போது ஆழமற்ற நீர் சூடேறிப் பவளம் வெளிறுகிறது. 2010, 2016 ஆண்டுகளில் இது பெருமளவில் நிகழ்ந்தது. தூத்துக்குடிக்கு அருகே கரைந்து சுருங்கிவந்த வான் தீவின் முன்னால், அலையின் வேகத்தைக் குறைக்கக் கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டுள்ளன.