பழைய தோல் கைப்பைகளும் பதனிடுதலின் வரலாறும்

பழைய தோல் கைப்பை ஒன்றைத் துடைத்து, பிரிந்த தையலைச் சேர்த்து, மீண்டும் கையில் எடுத்துச் செல்லத் தக்கதாக்கும் வேலை, பார்வைக்கு எண்ணெயும் மெழுகும் துணியும் கொண்டு முடிந்துவிடும் கைவேலையாகத் தோன்றினாலும், அதன் வெற்றியும் தோல்வியும் பை தைக்கப்படுவதற்கு முன்பே, தோல் ஊறிய தொட்டியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. விலங்கின் பச்சைத் தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளை வேறொரு பொருளால் பிணைத்து, அழுகாமலும் விறைத்துப்போகாமலும் நிலைக்கச் செய்வதே பதனிடுதல். அப்படிப் பிணைத்த பொருள் மரப்பட்டையா, உலோக உப்பா என்பதைப் பொறுத்தே அந்தத் தோல் நீரை ஏற்கும் விதமும், வெயிலில் நிறம் மாறும் விதமும், நூறாண்டு கழித்து நலியும் விதமும் அமைகின்றன. ஆகவே பழைய கைப்பைகளைக் காக்க முனைவோர்க்குப் பதனிடுதலின் வரலாறே முதற்பாடமாகிறது. அந்த வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி, தமிழகத்துக் கரட்டு நிலங்களில் தானாக வளரும் ஆவாரஞ்செடியின் பட்டையைப் பற்றியது.

ஐரோப்பியப் பெண்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையில் எடுத்துச் சென்ற சிறு பைகள் பெரும்பாலும் துணியால் ஆனவை; உறுதியான தோல் பை பரவியது ரயில் பயணம் பெருகிய 19ஆம் நூற்றாண்டில்தான். அதைச் செய்தவர்களில் பலர் குதிரைச் சேணத்தையும் பயணப் பெட்டியையும் செய்து பழகியவர்கள். பாரிஸில் 1837இல் தொடங்கிய எர்மேஸ் ஒரு சேணப் பட்டறையே. 1854இல் தொடங்கிய லூயி வித்தோன் பெட்டி செய்யும் நிறுவனம். மோட்டார் வண்டி குதிரையின் இடத்தைப் பிடித்தபோது, சேணத் தையல் கைப்பைக்கு இடம் மாறியது. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகச் செலுத்தும் அந்தத் தையலில், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபுறத்து நூல் பிடித்து நிற்பதால், அறுந்த பகுதியை மட்டும் பழைய துளைகளின் வழியே மறுபடி தைக்க முடிகிறது. சேணத்தோடு அதைப் பேணும் முறைகளும் வந்தன. கொழுப்பு மிகுந்த சேணச் சோப்பும், மாட்டின் கால் எலும்புகளைக் கொதிக்கவைத்து எடுக்கும் எண்ணெயும் மழையிலும் வியர்வையிலும் நனையும் தடித்த சேணத்தோலுக்கு ஏற்றவை. மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றிய கைப்பைத் தோலுக்கும் அவையே போதும் என்ற நம்பிக்கையால் கறுத்துப் பிசுபிசுத்துக் கெட்ட பைகள் ஏராளம்.

ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையில் தடித்த தோல் பதப்பட ஓராண்டும் அதற்கு மேலும் ஆனது. பெருகிவந்த தேவைக்கு அந்த நிதானம் ஈடுகொடுக்காத நிலையில், சென்னை மாகாணத்தின் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஆவாரம்பட்டையில் பதனிடப்பட்டு, நிறம் வெளுக்கக் கடுக்காய் நீரில் ஊறி, எண்ணெய் தடவி உலர்த்தப்பட்டு, 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டன் ஏலங்களுக்குக் கப்பலேறின. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களின் தொட்டிகளும் சென்னைப் பெரியமேட்டின் தோல் மண்டிகளும் இந்த வணிகத்தால் வளர்ந்தன. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்தத் தோல் பெருமளவில் வாங்கப்பட்டது. முஸ்லிம் வணிகர்கள் பெரும்பங்கு கொண்டு நடத்திய அத்தொழிலின் கடும் உழைப்பைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். உலகின் பல நாடுகளில் விலையுயர்ந்த பொருள்களாக மாறிய தோல்களில் அவர்களுடைய கைத்திறன் பெயரின்றி அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தின் நூலகங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த தோல் அட்டைகள், அவற்றினும் பன்மடங்கு பழையவை உறுதியாக இருக்கையில், தொட்டால் சிவந்த பொடியாக உதிர்வதைக் கண்டபின், லண்டனின் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1900இல் ஒரு குழுவை அமைத்தது. தோல் வேதியியலாளர் ஹென்றி ரிச்சர்ட்சன் புராக்டர், புத்தகக் கட்டுநர் டக்ளஸ் காக்கரெல் முதலியோர் இடம்பெற்ற அக்குழுவின் முழு அறிக்கை 1905இல் நூலாக வெளிவந்தது. தாவரங்களில் உள்ள, தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புப் பொருளான டானின் இருவகைப்படும். ஆவாரம், வாட்டில் முதலிய பட்டைகளில் உள்ள கேட்டகால் வகை ஒளிபட்டுச் சிவந்து, காற்றின் கந்தக அமிலத்தால் எளிதில் சிதைகிறது. சிசிலித் தீவின் சுமாக் இலையிலும் கடுக்காயிலும் உள்ள பைரோகலால் வகை அதனினும் நீடித்து நிற்கிறது. 'பெர்ஷியன்' என்ற வணிகப் பெயரில் விற்ற இந்திய ஆட்டுத்தோல் புத்தகக் கட்டுக்கு ஏற்றதன்று என்பது குழுவின் முடிவு. இழை சிதைந்து சிவந்த பொடியாகும் அந்த நோயே செவ்வழுகல். அது பழைய கைப்பைகளின் உட்புறத்திலும் வார்களிலும் இன்றும் காணக்கூடியது.

எனினும் பழி முழுவதையும் பட்டையின் மேல் சுமத்துவது நியாயமாகாது. சாயம் பளிச்சிடக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்திய ஐரோப்பியச் சாயப் பட்டறைகளையும், எரிவாயு விளக்கின் புகையையும், தோலை அளவுக்கு மீறி மெல்லியதாகச் சீவிய வழக்கத்தையும் அதே விசாரணை குற்றஞ்சாட்டியது. ஆவாரத் தோல் தன் அளவில் மென்மையும் உறுதியும் உடையது. நூறாண்டு நிற்கவேண்டிய நூல் அட்டைக்காக அது உருவாக்கப்படவில்லை.

தாவரப் பதனிடலின் ஆதிக்கத்தை மாற்றியது குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பு. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் பெற்ற காப்புரிமையும், மார்ட்டின் டென்னிஸ் 1893இல் எளிமையாக்கிய முறையும் வாரக்கணக்கான வேலையை நாள்கணக்காகச் சுருக்கின. சென்னையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் கலைப்பள்ளியில் இதைச் சோதித்துக் காட்டினார். பின்னர் பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் லெதர் கம்பெனியைச் சுற்றி வளர்ந்த ஊரே குரோம்பேட்டை. குரோம் தோல் வெப்பத்தை அதிகம் தாங்கும். செவ்வழுகலுக்கும் எளிதில் இரையாவதில்லை. அதன் வெட்டு விளிம்பில் நீலம் கலந்த சாம்பல் நிறமும், பட்டைத் தோலின் விளிம்பில் பழுப்பும் தெரிவது, சாயம் ஊடுருவாத இடங்களில் இரண்டையும் பிரித்தறிய உதவுகிறது.

தோலைப் பேணும் அறிவும் 20ஆம் நூற்றாண்டில்தான் நம்பிக்கையிலிருந்து ஆய்வுக்கு நகர்ந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகம், ஆட்டு உரோமக் கொழுப்பான லனோலின், தேன்மெழுகு, செடார் எண்ணெய் ஆகியவற்றை ஹெக்சேனில் கரைத்த பூச்சு ஒன்றைப் பரப்பியது. 1930களில் ஃபாரடே இன்ஸ் என்ற ஆய்வாளர், நெடுங்காலம் நிலைத்த தோல்களில் நீரில் கரையும் சில உப்புகள் காப்பாக இருந்தன என்றும், கழுவும்போது அவை வெளியேறிவிடுகின்றன என்றும் கண்டு, பொட்டாசியம் லாக்டேட்டால் அவற்றை ஈடுசெய்யப் பரிந்துரைத்தார். பயணப் பெட்டிகளை வடிவமைத்து வாழ்ந்த ஜான் வாட்டரர், 1946இல் கிளாட் ஸ்பையர்ஸுடன் சேர்ந்து தோல்கலை அருங்காட்சியகத்தை நிறுவி, 1972இல் தோல் பொருள்களின் பாதுகாப்புக்கு ஒரு கையேட்டையும் எழுதினார். நார்த்தாம்ப்டனில் 1978இல் தோல் பாதுகாப்பு மையம் தொடங்கியது. பிற்கால ஆய்வுகள் எண்ணெய்ப் பூச்சின் மீதான நம்பிக்கையைத் தளர்த்தின: எண்ணெய் நெகிழ்வைத் தரலாமே தவிர, சிதைந்த இழையை மீட்பதில்லை, மிகுந்தால் ஆக்சிஜனேற்றம் பெற்றுப் பிசுபிசுக்கிறது, தூசியைப் பிடிக்கிறது, கொழுப்பமிலம் வெண்படலமாக மேலே பூக்கிறது.

இந்த அறிவைக் கைப்பைக்குப் பொருத்தும்போது வேலையின் வரிசை தெளிவாகிறது. மென்தூரிகையால் தூசியை அகற்றி, மூடியின் அடிப்புறம் போன்ற மறைவிடத்தில் ஒரு துளி நீரை வைத்துப் பார்க்கவேண்டும். துளி உடனே உறிஞ்சப்பட்டு அவ்விடம் கறுத்தால் மேற்பூச்சற்ற தோல் என்று அறிந்து ஈரத்தைத் தவிர்க்கவேண்டும். நியூயார்க்கில் 1941இல் தொடங்கிய கோச் நிறுவனத்தின் பழைய பைகளைச் சேகரிப்போர் சிலர் அவற்றை நீரில் முழுக்கிக் கழுவுகின்றனர். பேஸ்பால் கையுறையின் மென்மையைக் கண்டு உருவாக்கிய அந்தத் தடித்த பசுத்தோல் அதைத் தாங்கக்கூடும் என்பதால், பட்டையில் பதனிட்ட வேறொரு பழம்பையும் தாங்கும் என்று கொள்வது பேரிழப்பில் முடியும். சோப்பு காரத்தன்மையும் தோல் அமிலத்தன்மையும் உடையவை என்பதால், சோப்பும் அடிக்கடி பயன்படுத்தத் தக்கதன்று. செவ்வழுகல் கண்ட இடத்தில் ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸை எத்தனாலில் கரைத்துத் தடவினால் பொடி உதிர்வது நிற்கும், நோய் நீங்காது. பித்தளைப் பூட்டைத் துலக்கும் பொருள் தோலில் படாமல் காப்பதும், பூஞ்சை எளிதில் பற்றும் சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் பிளாஸ்டிக் உறைக்குள் அடைக்காமல் காற்றோட்டமாக வைப்பதும் எந்தப் பூச்சைக் காட்டிலும் பயன் தருவன.

பழைய கைப்பையைப் புதிதுபோல் ஆக்குவதே செப்பனிடுதல் என்ற எண்ணம், இந்த வரலாற்றைப் படித்தபின் நிலைப்பதில்லை. மேற்பரப்பைத் தேய்த்து நிறம் பூசுவோர், அது எந்தப் பட்டையில், எந்த ஊரின் உழைப்பில், எந்தக் காலத்து வேதியியலில் உருவானது என்பதற்கான சான்றையும் சேர்த்து அழித்துவிடுகின்றனர். பதனிட்ட முறையை அறிந்து, தேவையான அளவுக்கு மட்டும் தலையிட்டு, பின்வருவோர் மாற்றிக்கொள்ளத்தக்க பொருளையே சேர்ப்பவர், பையோடு அதன் வரலாற்றையும் காப்பாற்றுகிறார்.