வடிகட்டியா, உறையா?

2018 மே 3 அன்று ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. யாரும் புகுந்து திருடியதாகத் தடயம் இல்லை. கடவுச்சொல்லை உருமாற்றி முடிப்பதற்குள், நிரல் பிழை ஒன்றால் அது உள் லாக்கில் அப்படியே பதிவாகியிருந்தது.

இப்படிக் கைதவறிக் கசிவதைத் தடுக்க டெவலப்பர்களிடம் இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. லாக் எழுதும் இடத்தில் வடிகட்டுவது ஒன்று. ரகசியத்தைத் தொடக்கத்திலேயே உறையில் இடுவது மற்றொன்று.

முதல் வழி ரூபி ஆன் ரெயில்ஸில் தயாராகவே இருக்கிறது. அது புலத்தின் பெயரைப் பார்க்கும். அதில் டோக்கன், ஓடிபி போன்ற சொல் இருந்தால் மதிப்பை மறைத்துவிடும். ஒரே இடத்தில் அமைத்தால் போதும், பழைய நிரலைத் தொட வேண்டியதில்லை. ஆனால் இது பெயரை நம்பும் காவல். அதன் ஆயத்தப் பட்டியலில் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் உண்டு, ஆதார் இல்லை. நாமே சேர்க்காவிட்டால் ஆதாரின் 12 இலக்கங்களும் லாக்கில் போய் உட்காரும்.

இரண்டாம் வழிக்கு பைத்தானின் பைடான்டிக் நல்ல உதாரணம். ஒரு புலத்தை 'சீக்ரெட்ஸ்டர்' வகையாக அறிவித்துவிட்டால், அச்சிட்டாலும் லாக் செய்தாலும் 10 நட்சத்திரக் குறிகள்தான் தெரியும். உண்மை மதிப்பு வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள 'கெட் சீக்ரெட் வேல்யூ'வை அழைத்தாக வேண்டும். ரகசியம் எங்கெங்கே திறக்கப்படுகிறது என்று அந்த ஒரு பெயரைத் தேடியே கோட் ரிவ்யூ செய்பவர் கண்டுபிடித்துவிடலாம். குறையும் உண்டு: பழைய நிரலில் புலம் புலமாக மாற்ற வேண்டும், உறைக்குள் வருமுன்பே கோரிக்கை முழுவதையும் லாக் செய்தால் உறை காக்காது.

வடிகட்டி ஒவ்வொரு லாக் வரியிலும் ஊகிக்கிறது. உறையில் முடிவு ஒரே முறை, புலத்தை வரையறுக்கும்போதே எடுக்கப்படுகிறது. அது ரகசியமா இல்லையா என்பது அந்த நேரத்தில்தான் எழுதுபவருக்குத் தெளிவாகத் தெரியும். அதனால் உறையே வலுவானது. வடிகட்டி அதற்குத் துணை, மாற்று அல்ல.

லாக்கை ஊழியர்கள்தானே பார்க்கிறார்கள் என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. ஃபேஸ்புக் தன் உள் அமைப்புகளில் கடவுச்சொற்களை மறைக்காமல் வைத்திருந்தது 2019இல் வெளிவந்தது. அதற்காக 2024இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

புதிதாக எழுதும் நிரலில் உறையிலிருந்தே தொடங்குங்கள். பழைய நிரல் என்றால், இன்றே வடிகட்டிப் பட்டியலைத் திறந்து ஆதாரையும் பான் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.