குழந்தை பெத்துக்க ஏன் இந்தத் தயக்கம்? கணக்கு என்ன சொல்லுது?

"கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சே, விசேஷம் எதுவும் இல்லையா?" விழுப்புரம் மாவட்டம் வல்லம் பக்கம் புதுசா கல்யாணம் ஆனவங்க தப்பிக்க முடியாத கேள்வி இது. "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் இருக்கு.

2025 ஜூனில் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் வெளியிட்ட அறிக்கைக்காக, இந்தியா உட்பட 14 நாடுகளில் 14,000 பேரிடம் கேட்டார்கள். ஆசைப்பட்ட அளவு குழந்தை பெறத் தடை எது? 39% பேர் சொன்னது பணம். காலநிலை, போர் என எதிர்காலத்தை நினைத்துப் பயப்படுபவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர்.

அந்தப் பயம் இங்கே புதுசு இல்ல. 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் கொட்டியது 51 செ.மீ. மழை. நிலத்தை நம்பிப் பிழைப்பவருக்குப் பணக் கவலையும் மழைக் கவலையும் ஒண்ணுதானே!

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை (2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு). மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். தொகுதி மறுவரையறையில் எம்.பி. எண்ணிக்கை குறையுமோ என்ற அச்சத்தில்தான், 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் முதல்வர் ஸ்டாலின், 'உடனே குழந்தை பெத்துக்கோங்க' என்ற பொருளில் புதுமணத் தம்பதிகளிடம் பேசினார். இப்போ பிறக்கும் குழந்தைகளால் அந்தக் கணக்கு பெருசா மாறாது என்பது வேறு விஷயம்.

அரசு உதவி? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில், ஏழைக் கர்ப்பிணிகளுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கும். பிரசவச் செலவுக்கு ஓகே. ஸ்கூல் ஃபீஸ், டியூஷன், காலேஜ்? அதுக்குத்தான் அந்த "இப்போதைக்கு வேண்டாம்".