சதுரங்கத்து யானை

திருவனந்தபுரத்துக் கோட்டையை அடுத்த ஸ்ரீவராகம், தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் இடம். இங்குத் தமிழர் ஒருவரும் மலையாளி ஒருவரும் சதுரங்கம் ஆட அமர்ந்தால், முதற் கருத்து வேற்றுமை காயின் பெயரிலேயே எழக்கூடும். பலகையின் மூலையில் நிற்பதை நாம் யானை என்போம். அவர் தேர் என்பார். குதிரைக்கு அடுத்து நிற்பதை நாம் மந்திரி என்போம். அவரோ அதனையே ஆன என்பார். எது சரியென வழக்காடுவது நம் நோக்கமன்று. நாட்டுக்கு நாடு காய்கள் பெயரும் உருவும் மாறிய வரலாறே, சதுரங்கக் காய்த்தொகுதிகளைத் தேடிச் சேர்ப்போரை ஈர்க்கும் பொருளாகும்.

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையால் பெயர் பெற்றது சதுரங்கம். 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதம் இதனைக் குறிப்பிடுகிறது. பாரசீகம் சென்ற பின்னர் இஸ்லாமிய நாடுகளில் காய்கள் உருவம் நீத்துக் குறியீடுகளாயின. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிஷாப்பூர்த் தொகுதியில் யானைக்குத் துதிக்கை இல்லை, காது இல்லை. தந்தங்களைக் குறிக்கும் முனைப்புகளே உள. அத்தகைய முனைப்புகளை ஐரோப்பியர் கிறித்தவ ஆயரின் தலையணியாகக் கண்டனர் என்பர் அறிஞர். 1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் வெளிப்பட்ட வால்ரஸ் தந்தக் காய்களில் யானையின் இடத்தில் ஆயரே வீற்றிருக்கிறார்.

இந்தியச் சிற்பியோ யானையை யானையாகவே வடித்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வங்கத்து முர்ஷிதாபாத் வட்டாரத்தில் ஆங்கிலேயருக்கெனச் செய்த தந்தத் தொகுதிகளில், ஒருபுறம் கம்பெனிப் படையும் மறுபுறம் சுதேச மன்னர் படையும் எதிர்நிற்கும். அம்பாரி சுமந்த யானைகளும் அவற்றில் உண்டு. விசாகப்பட்டினத்துத் தந்தக் காய்களும் அதேபோல் புகழ் பெற்றவை.

தந்த வேலையில் நம் திருவனந்தபுரமும் பின்தங்கியதன்று. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சியில் உலகோர் கண்களைக் கவர்ந்தது. 1880களில் இந்நகரில் அமைந்த கலைப்பள்ளியிலும் தந்தச் செதுக்கு இடம் பெற்றது. சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகையின் இறவாரத்தின் கீழ் வரிசையாக நிற்கும் 122 மரக்குதிரைகளைக் கண்டோர், உளியின் ஆற்றல் தந்தத்தோடு அடங்கியதன்று என்பதை உணர்வர்.

ஆனால் இக்கலையின் மறுபக்கத்தை நாம் மறத்தல் ஆகாது. வளர்ப்பு யானையின் தந்த நுனியை அறுத்தெடுப்பது உண்டு. சந்தையின் பசிக்கு அது போதவில்லை. ஆசிய யானைகளுள் ஆணுக்கே தந்தம் நீண்டு வளர்வதால், வேட்டைக்காரன் குறி ஆண் யானைகளின் மேலேயே விழுந்தது. கேரளத்துப் பெரியாறு காட்டில், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில், வளர்ந்த பெண் யானைகள் நூறு இருக்க ஆண் ஒன்றே எஞ்சிய நிலையை ஆய்வாளர் பதிவு செய்தனர். 1986ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இந்திய யானைத் தந்த வாணிகத்தையும், 1991ஆம் ஆண்டின் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வாணிகத்தையும் தடுத்தன. தலைமுறை தலைமுறையாகத் தந்தத்தையே நம்பிய குடும்பங்களுக்கு அது பேரிடியே. அத்துயரைச் சிறிதென்று தள்ளுதல் நேர்மையன்று. எனினும் உளி ஓய்ந்துவிடவில்லை; ஈட்டி மரத்துக்கும் சந்தனத்துக்கும் அது மாறியது.

சதுரங்கக் காய்களிலும் மரம் தாழ்ந்ததன்று. 1849இல் இலண்டனில் தோன்றிய ஸ்டான்டன் வடிவம் உலகப் போட்டிகளின் பொதுவடிவாயிற்று. அதனை இன்று அமிர்தசரசுக் கைவினைஞர் மரத்தில் கடைந்து பல நாடுகளுக்கு அனுப்புகின்றனர். மற்றக் காய்களைக் கடைசல் எந்திரம் உருட்டித் தரும். குதிரையின் தலையோ கையால் செதுக்கப்பட வேண்டுவது. ஆதலின் சேகரிப்போர் முதலில் நோக்குவது குதிரையையே.

பழைய தந்தக் காய்களை அருங்காட்சியகப் பேழையில் கண்டு வியப்போம். வீட்டில் வைத்துப் பேண விழைவோர் மரத்தாலானவற்றையே தேர்வோமாக. பலகையில் யானை மூலையில் நின்றால் என்ன, குதிரைக்கு அடுத்து நின்றால் என்ன? அது காட்டிலும் நிற்க வேண்டும்.