தங்கை எழுதினால் அனுபவமா?



டி. கல்லுப்பட்டி என்றதும் காந்தி நிகேதன் ஆசிரமத்தையும், ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் இங்கே வாழ்ந்ததையும் சொல்வார்கள். அது இருக்கட்டும். இதே ராஜபாளையம் சாலையில் போய்க் கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. அதன் பக்கத்தில் புதுப்பட்டி. தமிழ் தலித் எழுத்துக்கு அந்த ஊரில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் ராஜ் கௌதமன், தங்கை பாமா. அண்ணன் எழுதியதை ஆய்வு என்றோம். தங்கை எழுதியதை அனுபவம் என்றோம், வாக்குமூலம் என்றோம். 2024இல் மறைந்த ராஜ் கௌதமனின் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. என் கேள்வி அவரிடம் இல்லை, இப்படிப் பிரித்து வைத்த நம்மிடம்தான்.

கதை 1989இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில்தான் ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' வந்தது. தங்கம் என்ற பறையர் விதவை, உடையார் சாதி நிலக்காரரின் மைத்துனர்களால் அடித்து நொறுக்கப்பட்டு, சொந்தச் சாதித் தலைவர் காத்தமுத்துவின் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். அவர் வழக்குப் போடுகிறார், வாதாடுகிறார், நஷ்டஈடும் வாங்கித் தருகிறார். ஏற்கெனவே இரண்டு மனைவிகள் உள்ள அந்த மனிதர் கடைசியில் தங்கத்தையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். மகள் கௌரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் தலைவரை நாமே இப்படிக் காட்டலாமா, எதிரிக்கு வாய்ப்புக் கொடுக்கலாமா என்ற முணுமுணுப்பு அப்போது எழுந்தது. இயக்கத்துக்குள் பெண் பேச ஆரம்பித்தாலே வருகிற முணுமுணுப்புதான் அது.

1992இல் 'கருக்கு' வந்தது. வெளியிட்டது மதுரையிலிருந்த சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய ஒரு பெண் சேரிப் பேச்சிலேயே எழுதியிருந்தாள். ஊர்க்காரர்களுக்குக் கோபம். சில மாதங்கள் தன்னால் ஊருக்குள் போக முடியவில்லை என்று பாமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பண்டிதர்களுக்கு அந்த மொழியே ஒவ்வவில்லை. 2000இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போய், கிராஸ்வேர்டு விருது பெற்று, கல்லூரிகளில் பாடமாயிற்று. பாடமானதும், 'தலித் பெண்களின் துயரங்களை விளக்குக' என்ற தேர்வுக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது. பாமா என்ன யோசித்தார் என்று எந்த வினாத்தாள் கேட்கிறது?

அவர் யோசித்ததைத் தெரிந்துகொள்ள 1994இல் வந்த 'சங்கதி'யைக் கையிலெடுக்க வேண்டும். அதில் மாரியம்மா விறகுக்குப் போகிறாள். பம்புசெட்டில் தண்ணி குடிக்க ஒதுங்கியவளை நிலக்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார். தப்பி ஓடிவருகிறாள். அவர் முந்திக்கொண்டு நாட்டாமையிடம் போய், மாரியம்மாவும் மாணிக்கமும் தப்பாக நடந்துகொண்டதைப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறார். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் வாயைத் திறந்தால் அதட்டி அடக்குகிறார்கள். தீர்ப்பு என்ன? மாரியம்மாவுக்கு 200 ரூபாய் அபராதம், மாணிக்கத்துக்கு 100 ரூபாய்.

இந்த இரண்டு தொகைகளையும் சற்று நிதானமாகப் பாருங்கள். நிலக்காரர் பொய் சொல்கிறார் என்று கூட்டத்தில் பலருக்குத் தெரியும். வேலையும் கூலியும் அவர் கையில் இருப்பதால் அவரை எதிர்க்க முடியாது. ஆகவே பொய்யை ஏற்றுக்கொள்கிறார்கள். இதுவரைக்கும் சாதி. ஆனால் அந்தப் பொய்யையே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு பேருக்கும் ஒரே குற்றம்தானே? பெண்ணுக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு? அந்தக் கூடுதல் நூறு ரூபாயை எந்த நிலக்காரரும் கேட்கவில்லை. அதைப் போட்டது நம்முடைய நாட்டாமை. இரண்டு அதிகாரங்கள் ஒரு பெண்ணின் தலையில் எப்படிச் சேர்ந்து இறங்குகின்றன என்பதை இவ்வளவு துல்லியமாகக் கணக்குக் காட்டிய கட்டுரை அன்றைக்குத் தமிழில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே நூலில் பேய் பிடிப்பதைப் பற்றி ஒரு விசாரணை வருகிறது. பேய் ஏன் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களாகப் பார்த்துப் பிடிக்கிறது? காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலை, அடி, எங்கேயும் கொட்ட முடியாத ஆத்திரம் என்று பதிலையும் தேடிப் போகிறார். இன்னோரிடத்தில் சபையையே கேள்வி கேட்கிறார். அதே சேரியில் இந்துவாக இருக்கும் பெண் வேண்டாத கணவனை விட்டு விலக வழி உண்டு. கிறிஸ்தவப் பெண்ணுக்கு அந்த வழியைச் சாமியார் அடைத்துவிடுகிறார். மதம் மாறியதால் பெண்ணுக்குக் கிடைத்தது எது, போனது எது என்ற கேள்வி இது. இதற்குப் பெயர் ஒப்பீட்டு ஆய்வு இல்லாமல் வேறென்ன?

தில்லியில் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது 1995இல். தலித் பெண்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள் என்று கோபால் குரு தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியதும் அதே ஆண்டில்தான். சாதி இந்துப் பெண்ணியமும் தலித் ஆண்களும் சேர்ந்தே இவர்களை விட்டுவிட்டார்கள் என்பது அவர் வாதம். முக்கியமான கட்டுரைதான். ஆனால் தேதிகளைப் பாருங்கள்: 'சங்கதி'க்கு அது ஒரு வருடம் பிந்தியது, 'பழையன கழிதலு'க்கு ஆறு வருடம் பிந்தியது. மராத்தியில் இன்னும் முன்னால், 1986இலேயே பேபி காம்ப்ளேவின் தன்வரலாறு நூலாகிவிட்டது. மகர் வீடுகளுக்குள் மருமகள்கள் பட்டதை அவர் மறைக்கவில்லை. அமெரிக்காவில் பார்பரா ஸ்மித் 1977இல், வெள்ளைப் பெண்ணியவாதிகளும் கறுப்பின ஆண் விமர்சகர்களும் கறுப்பினப் பெண்களின் எழுத்தைக் கண்டுகொள்ளவில்லை என்று எழுதினார். புதுப்பட்டியில் பிறந்தவருக்கு அதைப் படித்துத்தான் இது தெரிய வேண்டும் என்று இல்லை.

தமிழிலும் பெண்ணிய விமர்சனம் இருந்தது. அம்பை 1984இலேயே தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதிவிட்டார். அது பேசிய உலகம் பெரும்பாலும் பத்திரிகைகளில் எழுதிய நடுத்தர வர்க்கப் பெண்களின் உலகம்.

சிவகாமியிடம் திரும்புகிறேன். தன்மேல் வந்த விமர்சனங்களுக்கு அவர் கூட்டம் போட்டுப் பதில் சொல்லவில்லை. 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நாவல் எழுதினார். முதல் நாவலை எழுதியவளே அதில் பாத்திரமாகி ஊருக்குத் திரும்பிப் போகிறாள். அப்பாவை ஏன் அப்படிக் காட்டினோம், எதை எழுதாமல் விட்டோம், எழுதிய கையில் யாருடைய பார்வை இருந்தது என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறாள். தன் படைப்பை இப்படிக் கூண்டில் ஏற்றிய ஆண் எழுத்தாளர் ஒருவரைத் தமிழில் எனக்குக் காட்டுங்கள். 2006இல் அவரே இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார். வகுப்பறைகளில் பெரும்பாலும் முதல் பாதியைத்தான் நடத்துகிறார்கள். தங்கம் அடிபடுவது அதில்தான் வருகிறது.