மயக்கம் வந்தால் இதயம்தான் காரணமா?

மயங்கி விழுபவர்கள் எல்லாரும் இதய நோயாளிகள் அல்லர். மூளைக்குச் செல்லும் இரத்தம் சில வினாடிகள் குறைந்தாலே நினைவு தப்பிவிடும். கமுந்திங் கிளினிக்கானாலும் தைப்பிங் மருத்துவமனையானாலும், இசிஜி எடுத்து இதயத்தைப் பார்ப்பதே முதற்படி. அதில் கோளாறு தெரியாவிட்டால் வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

சாதாரண மயக்கம்: பள்ளிச் சபைக்கூடலில் நெடுநேரம் நிற்பது, வெயில், வலி, இரத்தத்தைப் பார்ப்பது ஆகியவற்றால் வரும். முன்னதாக வியர்க்கும், குமட்டும், கண் இருட்டும். படுக்க வைத்தால் விரைவில் தெளியும்.

எழுந்ததும் மயக்கம்: படுத்த நிலையிலும், பிறகு எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தம் அளக்கப்படும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் இதுவே காரணமாகலாம். உடலில் நீர் குறைவதும் இரத்த அழுத்த மாத்திரைகளும் இதைத் தூண்டும்.

சர்க்கரை குறைவு: இன்சுலின் போட்டுக்கொண்டு, பசியாறாமல் அதிகாலையில் பால்மரம் சீவப் போகும் இனிப்புநீர் நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம். விரல் நுனி இரத்தத்தில் உடனே கண்டறியலாம்.

வலிப்பு: நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும். விழித்த பிறகும் குழப்பம் நீடிக்கும்.

விழுந்தவருக்கு நடந்தது நினைவிருக்காது. ஆகவே, நேரில் பார்த்தவரும் உடன் செல்ல வேண்டும். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் கொண்டுபோக வேண்டும். பல வேளைகளில் ஸ்கேனைவிட அவர் சொல்லும் விவரமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

உடலுழைப்பின்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினால், நெஞ்சுவலி அல்லது படபடப்பு இருந்தால், தாமதிக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும்.